தென்றலின் வலது கண்

அரியலூரில் டிரைவர் தெரு எங்கே என்று கேட்டால் பால் குடிக்கிற குழந்தைகூடக் கை காட்டும். முனிசிபாலிட்டி அந்தத் தெருவுக்கு வேறொரு பெயர் வைத்து நீலப் பலகை நட்டிருந்தது. பலகையின் கம்பியில் ஆடு கட்டுவார்கள். தனி மாவட்டம் ஆகிவிட்டோம் என்று ஊரே நிமிர்ந்து நடந்து, வந்த மாவட்டத்தைத் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள் என்றதும் குனிந்துகொண்ட காலம் அது. டிரைவர் தெருவுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. குவாரியிலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் ஓடினால் போதும்.

விடியற்காலையில் லாரிகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு கிளம்பும். பம்பரில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கும். எதிரே யார் வருகிறார்கள், பூனை எந்தப் பக்கம் ஓடுகிறது, பின்னாலிருந்து யாராவது "எங்க கிளம்பிட்டீங்க" என்று கேட்டுத் தொலைத்தார்களா என்பதையெல்லாம் பெண்கள் கவனித்துக்கொள்வார்கள். பிரேக்கைக் கவனிப்பது ஆண்களின் வேலை. அதை அவர்கள் அவ்வளவு சிரத்தையாகச் செய்ததாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட தெருவில்தான் தேவயானியின் மகள் தென்றல் கண்ணைச் சிமிட்ட ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாம் வகுப்புக்குப் போன கொஞ்ச நாளில் தொடங்கியது. சும்மா சிமிட்டல் இல்லை. வலது கண்ணை இறுக்கி மூடுவாள், கன்னம் மேலே ஏறும், வாய் ஒரு பக்கம் இழுக்கும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல நிற்பாள். சில நாள் இடது கண். பெரும்பாலும் வலது. பின்னர் அதோடு தோள் குலுக்கலும் சேர்ந்துகொண்டது.

தெருக்குழாயடியில் வைத்தியம் பஞ்சமில்லாமல் கிடைத்தது. வயிற்றில் பூச்சி என்றாள் ஒருத்தி. டி.வி.யில் சீரியல் பார்த்துப் பார்த்துக் கண்ணில் பவர் இறங்கிவிட்டது என்றாள் அங்கமுத்துவின் பெண்டாட்டி வீராயி. அந்தச் சீரியலைத் தென்றல் பார்த்ததே வீராயி வீட்டில்தான். பக்கத்து வீட்டுக் கொளஞ்சி மட்டும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "பொண்ணு எதையோ பாத்துப் பயந்திருக்கு. கண்ணு அதத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுது" என்றாள். அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொளஞ்சி சொல்வது உடனே எடுபடாது, ஊறித்தான் வேலை செய்யும்.

தேவயானி முதலில் எல்லாத் தாய்மாரும் செய்வதையே செய்தாள். "சிமிட்டாதடி" என்றாள். பிறகு அதட்டினாள். ஒருநாள் தொடையில் கிள்ளினாள். அன்று சாயங்காலம் முழுக்கத் தென்றலின் முகம் ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை.  தேவயானி மறுநாளே பஸ் ஏறிப் பெரம்பலூரில் குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

டாக்டர் குழந்தையிடம் நிறையப் பேசினார். தாயிடம் கொஞ்சமாகப் பேசினார்.

"கண்ணை மூடுறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும் பாப்பா?"

"உள்ளார ஒண்ணு கூடிக்கிட்டே வரும் சார். தும்மல் வர மாரி. மூடுனாத்தான் போவும்."

"அடக்கிப் பாத்தியா?"

"டீச்சர் பாக்குறப்ப அடக்குவேன். வூட்டுக்கு வந்ததும் நெறைய வரும்."

டாக்டர் தலையாட்டிவிட்டுத் தேவயானியின் பக்கம் திரும்பினார். "இந்த வயசுல நிறையப் பிள்ளைகளுக்கு வர்றதுதாம்மா. பயமில்ல. வேணும்னு பண்றதில்ல. திட்டாதீங்க, அடிக்காதீங்க, பண்ணாதேன்னுகூடச் சொல்லாதீங்க. அதைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது. பேசப் பேசக் கூடும். பெரும்பாலும் தானா குறைஞ்சிடும். ரொம்ப நாள் நீடிச்சா, இல்ல இவளுக்குத் தொந்தரவா இருந்தா, கூட்டியாங்க. அதுக்கும் வழி இருக்கு."

மருந்துச்சீட்டு இல்லை, ஊசி இல்லை. தேவயானிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிவிட்ட மகளைப் பார்த்தபோது பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. பேசாமல் இருப்பதுதானே மருந்து. இருந்துவிடலாம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தவறு செய்தாள். புருஷன் முத்தமிழ்செல்வனிடம் சொன்னாள், சரி. டீச்சரிடம் சொன்னாள், அதுவும் சரி. கொளஞ்சியிடமும் சொன்னாள்.

"யாரும் அவ கண்ணைப் பத்திப் பேசவே கூடாதாம்க்கா. டாக்டரு கண்டிப்பா சொல்லிட்டாரு."

கொளஞ்சி கையிலிருந்த முருங்கைக்கீரையை அப்படியே வைத்துவிட்டாள். "மருந்து குடுக்கல?"

"இல்ல."

"பேசக் கூடாதுன்னு மட்டும் சொன்னாரு?"

"ஆமா."

"ம்" என்றாள் கொளஞ்சி. அவ்வளவுதான் சொன்னாள். பேசக்கூடாது என்று டாக்டரே சொல்கிற அளவுக்கு ஒன்று இருக்கிறதென்றால் அது பூச்சியாகவும் பவராகவும் இருக்க முடியுமா? படித்த மனுஷர், வாய் திறந்து சொல்ல மாட்டார். இவ்வளவும் அந்த ஒரு எழுத்துக்குள் இருந்தது.

ஆவணி மாதம் பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள். வீடுகளுக்குப் பின்னாலிருந்த பொட்டலில் பிள்ளைகள் மாலை கட்ட எருக்கம்பூ பறித்துக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சி கொல்லைக் கதவருகில் நின்று, "பாலு கண்ணுல பட்டுடப் போவுது பிள்ளைங்களா. பட்டுச்சு, கண்ணு அவிஞ்சிடும். அப்புறம் தொறக்கவே தொறக்காது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். பிள்ளைகள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டன. தென்றலும் துடைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் அங்கமுத்துவின் லாரி குவாரிச் சரிவில் கவிழ்ந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, கால் முறிந்தது. சேதி தெருவுக்கு வந்தபோது வீராயி தலையில் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மற்றப் பெண்கள் குழாயடியில் கூடினார்கள். கொளஞ்சி குரலைத் தாழ்த்தினாள்.

"காலையில அவரு வண்டியை எடுக்கறப்ப அந்தப் பொண்ணு வாசல்ல நின்னுச்சு. நேரா அவரைப் பாத்து வலது கண்ண மூடுனுச்சு. நான் என் கண்ணால பாத்தேன்."

பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்லது, வலது கண் துடித்தால் கெடுதல். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் துடிப்பது அவரவர் கண், பலனும் அவரவருக்கு. அடுத்த வீட்டுக் குழந்தை கண்ணை மூடினால் நம் வீட்டு லாரி கவிழும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை. கொளஞ்சியின் பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது. அன்று காலை அதே வாசலில் நின்று தென்றல் இன்னும் பல லாரிகளைப் பார்த்துக் கண்ணை மூடியிருந்தாள். அவையெல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தன. திரும்பி வந்த லாரியைப் பற்றிக் குழாயடியில் என்ன பேசுவது?

பிறகு ஒருநாள் கொளஞ்சி தன் புருஷன் கருப்பண்ணனை அந்த வலது கண்ணைக் காட்டி நிறுத்தி, அரை மணி நேரம் தாமதமாக அனுப்பினாள். அன்று குவாரி ரோட்டில் யாருடைய லாரியோ டயர் வெடித்து நின்றது. முன்னாடியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் சொல்லிச் சொல்லி, நடக்காத அந்த விபத்து அங்கமுத்துவின் கால் முறிவையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

டாக்டர் சொன்னதைத் தெரு அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தது. யாரும் பேசவில்லை. பார்த்தார்கள்.

தேவயானிக்கு முதலில் விளங்கவில்லை. தெரு திருந்திவிட்டது என்றே நினைத்தாள். காலையில் தென்றல் வாசலுக்கு வந்தால் பெண்கள் கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நிற்பார்கள். யாராவது தேன்மிட்டாய் நீட்டி, "கண்ணு, அத்தையை நேராப் பாரு" என்பார்கள். பாசம் என்று நினைத்தாள். ஒருநாள் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் கண்டாள். கொளஞ்சி தென்றலின் முகத்தையே பார்த்தபடி நின்று, அவள் இடது கண்ணை மூடிய மறுகணம், முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டினாள். ரிவர்ஸ் எடுக்கும் லாரிக்குக் கிளீனர் சைகை காட்டுவதுபோல. கருப்பண்ணன் இன்ஜினைக் கிளப்பினான்.

தேவயானியின் கையில் பால் தளும்பியது.

"என்னக்கா பண்றீங்க?"

"நான் என்ன பண்ணேன்? ஒரு வார்த்த பேசுனனா? டாக்டரு பேசக் கூடாதுன்னாரு, பேசல."

"பாக்குறீங்களே."

"கண்ணு இருக்கு, பாக்குறேன். அதுக்கும் பெரம்பலூரு போயிச் சீட்டு வாங்கியாரணுமா?"

"அவ சின்னப் பிள்ளக்கா. பாக்கப் பாக்கத்தான் அவளுக்குக் கூடுது."

கொளஞ்சியின் முகத்தில் இருந்த எகத்தாளம் போய்விட்டது. "உனக்கு மனசு தெடம் தேவயானி. எனக்கு அப்படி இல்ல. வண்டி தெருமுனை தாண்டுனதுலேருந்து திரும்பி வர வரைக்கும் எனக்கு வயித்தக் கலக்குது. புடிச்சுக்க ஏதாச்சும் ஒண்ணு வேணும்."

"அதுக்கு எம்பொண்ணு கண்ணுதான் கெடச்சுதா?"

 கொளஞ்சி, பால் வாங்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

தெரு பார்ப்பதைக்கூடத் தேவயானி தாங்கியிருப்பாள். அவளைக் கலங்க வைத்தது வேறு. முத்தமிழ்செல்வன் கொல்லைப்புறமாக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான்.

லாரி நிற்பது தெருவில், வாசலுக்கு நேரே. அவன் கொல்லைக் கதவைத் திறந்து, எருக்கஞ்செடிப் பொட்டலில் இறங்கி, தெருக்கோடி வரை நடந்து, சுற்றிக்கொண்டு வந்து தன் வீட்டு வாசலிலேயே வண்டி ஏறினான். ஏறியதும் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பாமல் கிளப்பினான்.

"ஏங்க அப்படிப் போறீங்க?"

"காத்தாட நடக்கலாம்னுதான்."

"பிள்ளை வாசல்ல உங்களுக்குத்தான் நிக்கிறா."

"நேரமாச்சு, விடு" என்றான். குரலில் கோபம் இல்லை. வெட்கம் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கோபமென்றால் சண்டை போடலாம்.

தென்றலின் தொண்டையில் இப்போது "க்கும்" என்று ஒரு சத்தமும் சேர்ந்திருந்தது. தோள் ஓயாமல் குலுங்கியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விளையாட்டில் அவளுக்குப் பின்னால்தான் நிற்குமாம், எதிரே நிற்காதாம். இதை அவள் புகாராகச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"அம்மா, அங்கமுத்து மாமா காலு என்னாலயா ஒடஞ்சுது?"

"யாருடி சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியுமாம்."

"சரிவுல மண்ணு சறுக்குச்சு, லாரி கவுந்துச்சு. உன் கண்ணுக்கும் அதுக்கும் என்னடி இருக்கு?"

தென்றல் யோசித்தாள். "அப்பன்னா அப்பா ஏன் என்னைப் பாக்காம போறாங்க?"

தேவயானி குழம்பு ஊற்ற எழுந்தாள். தட்டில் குழம்பு நிறையவே இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குவாரி ரோடு வெள்ளைச் சேறாகிவிட்டது என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். லாரிகள் சாயங்காலம் திரும்பும்போது கூரை வரை சேறு பூசியிருக்கும். பெண்கள் கோலம் போடாத காலையிலும் வாசலுக்கு வந்து நின்றார்கள். மழையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், ஒரே வீட்டைப் பார்த்தபடி. தேவயானி கதவைச் சாத்தி வைத்தாள். சாத்திய கதவைப் பார்த்தார்கள்.

மழைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட ஒரு நாள். பலபலவென்று விடிந்திருந்தது. முத்தமிழ்செல்வன் சட்டையை மாட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான். இன்றைக்குக் கேட்டே விடுவது என்று தேவயானியும் பின்னால் எழுந்து போனாள். போகும்போது தென்றலின் பாய் காலியாக இருப்பதைப் பார்த்தாள். கொல்லைக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

பொட்டலில் முத்தமிழ்செல்வன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு நாலு எட்டு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, எருக்கஞ்செடி ஓரத்தில் தென்றல். கழுத்தைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்திருந்தாள். வலது கண்ணுக்கு மேலே, ஒடித்த எருக்க இலையை இரண்டு விரலால் பிடித்திருந்தாள். காம்பின் நுனியில் வெள்ளையாக ஒரு சொட்டுத் திரண்டு தொங்கியது. அவள் கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பார்த்தாள். கண்தான் கேட்கவில்லை. மூடிக்கொண்டது, திறந்தது, மறுபடி மூடிக்கொண்டது.

கூப்பிட்டால் கை ஆடும். அதனால்தான் அவன் கல்லாக நின்றான். தேவயானி வெறுங்காலோடு சேற்றில் நடந்து போய், பின்னாலிருந்து அந்த மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள். சொட்டு உதிர்ந்து கன்னத்தில் விழுந்தது. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே.

"வலது கண்ணுல மட்டும்தாம்மா" என்றாள் தென்றல். "இடது நல்ல கண்ணுதானே. அது மட்டும் இருந்தா அப்பா என்னைப் பாத்துட்டுப் போவாங்கள்ல?"

தேவயானி அவளைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு ஓடினாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிக் கன்னத்தையும் கையையும் கழுவினாள், திரும்பத் திரும்பக் கழுவினாள். வாசல்களில் நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். கையில் ஒட்டியிருந்த எருக்கம்பாலைப் பார்த்தார்கள். என்ன நடந்திருக்கும் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொளஞ்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

முத்தமிழ்செல்வன் பொட்டலைச் சுற்றாமல், வீட்டுக்குள் புகுந்து வாசல் வழியாக வந்தான். மகளுக்கு எதிரே குந்தினான். முகத்துக்கு நேரே முகம். வலது கண் இறுக மூடித் திறந்தது. அவன் தலையைத் திருப்பவில்லை. மகளின் ஈரத் தலையைத் துண்டால் துடைத்தான்.

"கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள் தேவயானி.

"மழையா இருக்கு."

"மழையிலதான் நீங்களும் போறீங்க. பக்கத்துல உக்கார வச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க. எந்தக் கண்ணு துடிச்சாலும் போயிட்டு வாங்க."

அவன் தென்றலைத் தூக்கிக் கேபினில் உட்கார வைத்தான். தெருவில் அன்று முதலில் கிளம்பியது அந்த லாரிதான். ஜன்னலில் தெரிந்த சின்ன முகம் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே போனது. கண் அதுபாட்டுக்கு மூடித் திறந்தது. சில பெண்கள் குனிந்துகொண்டார்கள். கருப்பண்ணன் அப்போது இன்னும் எழுந்திருக்கவே இல்லை.

லாரி தெருமுனை திரும்பியபோது தேவயானியின் வலது கண் துடித்தது.

அவள் கையால் அழுத்திக்கொண்டாள். துடிப்பு நிற்கவில்லை. இமைக்குள் ஏதோ பூச்சி நெளிவதுபோல ஓடியது. வீட்டுக்குள் போய்ப் பாத்திரம் துலக்கினாள், துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள். தூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை நின்றது. வயிறு கலங்குது, புடிச்சுக்க ஏதாச்சும் வேணும் என்று கொளஞ்சி சொன்னது அன்றுதான் அவளுக்கு முழுசாகக் கேட்டது. ஆனால் அவள் எந்தச் சாமிக்கும் காசு முடிந்து வைக்கவில்லை. கண்ணைத் துடிக்க விட்டாள்.

பொழுது சாயும் முன்னே லாரி வந்துவிட்டது. தென்றல் தலைமுடியெல்லாம் வெள்ளைச் சேற்றுத் தெறிப்போடு இறங்கினாள். குவாரி இவ்வளவு பெருசு என்றாள், அப்பா ஹாரன் அடிக்க விட்டார் என்றாள், நடுவில் இரண்டு முறை கண்ணை மூடினாள். முத்தமிழ்செல்வன் சோறு கேட்டான். தேவயானி இருவருக்கும் ஒரே தட்டில் போட்டாள்.

ஒவ்வொன்றாக மற்ற லாரிகளும் திரும்பின. வெளிச்சம் மங்கி, தெருவிளக்கு மினுக்கி எரிந்தது. கருப்பண்ணன் மட்டும் வரவில்லை.

பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். தெருமுனையைப் பார்க்க வேண்டியவர்கள் தேவயானியின் வீட்டைப் பார்த்தார்கள். தேவயானி கதவைச் சாத்தவில்லை. மகளோடு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். கொளஞ்சி தன் வீட்டிலிருந்து இறங்கி, சேற்றைத் தாண்டி நேரே வந்தாள். தேவயானி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"தென்றலு" என்றாள் கொளஞ்சி. குரல் உலர்ந்திருந்தது. "காலையில பெரியப்பா கெளம்பறப்ப நீ பாத்தியா?"

"இல்ல பெரியம்மா. நாங்க முன்னாடியே போயிட்டோம்ல."

"வழியில? குவாரியில?"

"பெரியப்பாவ நான் பாக்கவே இல்ல."

கொளஞ்சி நின்றாள். அந்த முகத்தைத் தேவயானி அதற்கு முன் பார்த்ததில்லை. இடதா வலதா என்று கேட்க ஒன்றுமில்லாமல், பழி போட ஒரு கண்ணும் இல்லாமல், அவள் தனியாகப் பயந்துகொண்டிருந்தாள்.

"அப்ப எதனால இன்னும் வரல?" என்றாள். யாரையும் கேட்கவில்லை.

தேவயானி நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்கக்கா."

கொளஞ்சி உட்கார்ந்தாள். நடுவில் தென்றல். அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. கண் மூடித் திறந்தது. எந்தக் கண் என்று கொளஞ்சி பார்க்கவில்லை. தெருமுனையில் ஒரு வெளிச்சம் திரும்பியது. கொளஞ்சி எழுந்தாள். பால் வண்டி. மறுபடி உட்கார்ந்தாள். மழை திரும்பவும் தூறத் தொடங்கியது.